பெட்டி காவியவர்களுக்குச் சுடுதண்ணீர்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பேனையை வைத்தவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் மண்வெட்டியும் அலவாங்கும்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. சங்க மலரை அச்சடிக்கும் பிள்ளைகள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நம் சங்கத்தின் போன வருட மலரில் டொக்டர்மாரும் இஞ்சினியர்மாரும் தாங்கள் பார்த்த வேலையைப் பற்றி எழுதியிருந்தார்கள். இந்த வருடம் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, சவக்காலையில வேலை செய்தனான் எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதேல்லை. நீங்கள்தான் எழுதவேணும்" என்றார். எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வு பெறுகிற வயது இல்லை; முதுகெலும்புதான் என்னை முந்திக்கொண்டு ஓய்வு கேட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். எழுதுவது பரவாயில்லை, ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஊரில் சித்தப்பாவோடு கிணறு வெட்டினேன். எண்பத்தாறில் மொன்ட்ரியாலுக்கு வந்தேன். டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் நாலு வருடம் கோப்பை கழுவினேன். அங்கே எனக்குப் பக்கத்துத் தொட்டியில் நின்றவர் தேவண்ணை. அவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார். தொண்ணூறாம் ஆண்டு, பின்னேர இங்கிலிஷ் வகுப்பில் படிப்பித்த அம்மா, "ஒரு தேவாலயத்துக்கு நிலம் கிண்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம்" என்று சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

அந்த ஊர் இந்த மொன்ட்ரியால் தீவின் மேற்குத் தொங்கலில், ஏரிக்கரையில் இருக்கிறது. பெயர் எழுதவில்லை, அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் இருக்கிற கோட்-டெ-நெய்ஜிலிருந்து மெட்ரோ எடுத்து, பிறகு பஸ் எடுத்து, அந்த பஸ் ஓடி முடிகிற இடத்தில் இறங்க வேண்டும். நகரம் அதுவரைக்கும் வளர்ந்து வந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு தெருவும், ஒரு கல் தேவாலயமும், இருபது முப்பது பழைய வீடுகளும் அப்படியே நிற்கின்றன. இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து சில குடும்பங்கள் அந்தக் காலத்தில் கப்பலேறி வந்து உருவாக்கிய ஊர். வரும்போது ஒழுங்கைகளின் பெயர்களையும் கொண்டுவந்துவிட்டார்கள். பழக்கவழக்கங்களையும் கொண்டுவந்தார்கள் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்தது.

வேலை கேட்கப் போன அன்று தேவாலயப் பொறுப்பாளர் மிஸ்டர் பெல்லின் வீட்டு முன்கதவைத் தட்டினேன். உள்ளே கதிரைகள் இழுபடும் சத்தம். கதவைத் திறக்கச் சரியாகத் தெரியாமல் இருவர் இழுத்தார்கள். கடைசியில் மிஸ்டர் பெல் வெளிறிப்போய் வந்து நின்று, "யார் செத்தது?" என்று கேட்டார். அந்த ஊரில் முன்கதவு மணப்பெண்ணுக்கும் பிரேதத்துக்கும் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் பின்பக்கத்துக் குசினிக் கதவு. நான் செத்தவீட்டுச் செய்தி கொண்டுவந்தவன் என்று நினைத்திருக்கிறார்.

மிஸ்டர் பெல் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். உயரமானவர். எட்டு வருடத்தில் எனக்கு ஒரு கட்டளைகூட இட்டதில்லை. எதைச் சொன்னாலும் "ஐ வொண்டர்" என்றுதான் தொடங்குவார். "ஐ வொண்டர் சேமி, அந்த வேலிப் பக்கத்துப் புல் தன்னை வெட்டவேண்டும் என்று நினைக்கிறதோ?" என் பெயர் கந்தசாமி, அவர்களுக்கு வாய்க்குள் வந்தது சேமி. முதல் கிழமை நான் அவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பாவம், ஏதோ தனக்குள் யோசிக்கிற மனிதர் என்று இருந்துவிட்டேன். புல் முழங்கால் அளவுக்கு வந்தபோது அவர், "ஐ வொண்டர், புல்வெட்டும் மெஷினுக்கு சுகமில்லையோ?" என்றார். அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு அவர் யோசிக்கத் தொடங்குவதற்குள் மெஷினை எடுத்துவிடுவேன்.

குழி வெட்டுவதை அவர்தான் காட்டித்தந்தார். முதலில் புல்தரையைச் சதுரம் சதுரமாக வெட்டி, எடுத்த ஒழுங்கிலேயே கித்தான் விரிப்பில் அடுக்க வேண்டும். மேல்மண் ஒரு பக்கம், கீழே வரும் களிமண் மறுபக்கம். இரண்டும் கலக்கக் கூடாது. பக்கச் சுவர் சரியாமல் பலகை கொடுக்க வேண்டும். பழைய கற்களுக்கிடையே மெஷின் நுழையாது, எல்லாம் கையால்தான். அடித்தளத்தில் மட்டப்பலகை வைத்துப் பார்ப்பார். "யாராவது பார்க்கப் போகினமோ?" என்று என் இங்கிலிஷில் கேட்டேன். "படுக்கிறவர் பார்ப்பார்" என்றார்.

குளிர்காலத்தில் குழி வெட்ட முடியாது. நிலம் இரும்பாகிவிடும். அதற்காகத் தேவாலயத்தின் வடக்கே, சரிவுக்குள் ஒரு கல்லறை அறை கட்டியிருக்கிறார்கள். மார்கழிக்குப் பிறகு இறந்தவர்களின் பெட்டிகளை அதற்குள் தட்டில் வைத்து இரும்புக் கதவைப் பூட்டிவிடுவோம். மே மாதம் நிலம் இளகிய பிறகு ஒவ்வொருவராக அடக்கம் செய்வோம். பனி கொட்டிய ஒவ்வொரு நாளும் அந்தக் கதவு வரைக்கும் பாதை வெட்ட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரப்போவதில்லை. ஆனாலும் மிஸ்டர் பெல், "ஐ வொண்டர், அவர்களுக்குப் பாதை திறந்திருந்தால் பிடிக்குமோ?" என்பார்.

வீட்டில் என் மனைவி மகேஸ் இந்த வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "செத்தவீட்டுக்குப் போட்டு வந்தாலே குளிக்காமல் உள்ளுக்கு வரேலாது. நீங்கள் ஒவ்வொரு நாளும் சவக்காலையால வாறியள்." அப்பார்ட்மென்டில் கிணற்றடியா இருக்கிறது, வெளியே குளித்துவிட்டு வர? குளியலறை நடு வீட்டில். ஆகவே நான் கதவைத் தட்டியதும், "இஞ்சேருங்கோ, அங்கயே நில்லுங்கோ!" என்று கத்திக்கொண்டு வாசலிலிருந்து குளியலறை வரைக்கும் பழைய பேப்பர் விரிப்பாள். நான் அதன்மேல் நடந்து போய்க் குளிப்பேன். எட்டு வருடம் இப்படித்தான் என் வீட்டுக்குள் போனேன்.

செவ்வாய்க்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் ஊர்ச் சரித்திரக் குழு கூடும். ஆறேழு பேர், எல்லோரும் எழுபது தாண்டியவர்கள். கதிரை போடுவதும் தேத்தண்ணிக்குக் கொதிக்க வைப்பதும் என் வேலை. முதல் கண்ணாடி யன்னல் எந்த வீட்டுக்கு வந்தது என்பதில் இரண்டு பேர் ஒரு மாதம் கதைக்காமல் இருந்தார்கள். குழுவின் தலைவர் மிஸ்டர் ஆர்தர் லோவெல். ஊரில் ஒரு கல் பெயர்ந்தாலும் அது எங்கே இருந்தது, யார் வைத்தது என்று தேடிப் பிடிப்பார். அந்த ஊரின் செத்தவீட்டு வழக்கத்தை எனக்குச் சொன்னவரும் அவர்தான். பிரேதம் முன்கதவால் வெளியேறி, தெரு வழியே ஆறு பேர் தோளில் நடந்து வரும். பாதிவழியில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. அதில் பெட்டியை இறக்கி, ஊரில் மூத்தவர் இறந்தவரின் பெயரையும் வீட்டையும் சத்தமாகச் சொல்வார். பெட்டியைக் காவியவர்கள், அதாவது தூக்கி வந்தவர்கள், தோள் மாற்றிக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார்கள். அடக்கம் முடிந்த பிறகு, செத்தவீட்டுக்காரி தன் கையால் சுட்ட பிஸ்கட்டைக் காவியவர்களுக்கு வீட்டுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் தின்னும்வரை வேறு யாரும் எதையும் தொடக் கூடாது. அதுவரைக்கும் அடக்கம் முடிந்ததாகக் கணக்கில்லை. லோவெல் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் வாகனத்தில் போனதில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

தொண்ணூற்றாறு தை மாதம் அவர் திடீரென்று இறந்துபோனார். தெரு முழுக்க ஐஸ். நடக்கவே முடியாது. வாகனத்தில் கொண்டுவந்து பூசை செய்து, கல்லறை அறையில் வைத்தோம். மிஸிஸ் லோவெல் கதவருகில் நின்று, "இது தற்காலிகம் ஆர்தர். மே மாதம் உன்னை வீட்டுக்குக் கொண்டுபோய், முறையாக நடத்திக் கூட்டிவருகிறேன்" என்றார். கணவனோடு கதைக்கிற சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் அந்த இரும்புக் கதவுக்கு வந்தார். நான் வெட்டிய பாதையில் வந்து, கொஞ்ச நேரம் நின்று, ஊர்ப் புதினம், ஊர்ச் செய்திகளெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். புதினம் நல்லதாக இல்லை. அதற்கு முந்திய ஐப்பசியில்தான் இந்தக் கெபெக் மாகாணம் நாட்டைவிட்டுப் பிரிவதா இல்லையா என்று வாக்கெடுப்பு நடந்திருந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு விற்பனைப் பலகை. இது தனிப் பிரெஞ்சு நாடாகிவிடுமோ என்ற பயத்தில் இளம் ஆட்கள் ரொறன்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டி காவ என்று அவர் நினைத்திருந்த இரண்டு மருமக்கள் மாசியில் போய்விட்டார்கள். மிச்ச ஆட்களில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு மாற்றும் சத்திரசிகிச்சை. இன்னொருவருக்கு இருதயம். மிஸ்டர் பெல்லின் முழங்கால் வலி எல்லோருக்கும் தெரிந்தது. சித்திரையில் மிஸிஸ் லோவெலிடம் ஒரு ஆள்கூட மிஞ்சவில்லை.

மரணச் சேவைக்காரர் சில்லு வைத்த தள்ளுவண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார். "ஆர்தர் சூட்கேஸ் இல்லை" என்று மிஸிஸ் லோவெல் போனை வைத்துவிட்டாராம். ஆனால் அந்த வியாழக்கிழமை கதவடியில் அவர் சொன்னது வேறு குரலில். "மே நடுவுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், சேமி. ஆறு பேர் இல்லாவிட்டால் வாகனம்தான். நான் அவருக்குச் சொன்ன சொல் அவ்வளவுதான்."

எனக்கு அப்போதே மனதில் வந்துவிட்டது. வாய்க்கு வரவில்லை. அந்த வியாழன் சொல்லவில்லை, அடுத்த வியாழனும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது இங்கிலிஷில் சொல்லிப் பார்ப்பேன், அவர் முன்னால் நின்றதும் மண்வெட்டியைத் துடைப்பேன். மூன்றாவது தடவை அவர் திரும்பிப் போகும்போது முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"மிஸிஸ், என்னட்ட ஆட்கள் இருக்கு. பலமான ஆட்கள்."

அவர் திரும்பினார். என் உயரத்தை அளப்பதுபோல் பார்த்துவிட்டு, "எல்லோரும் ஒரே உயரமா?" என்று கேட்டார்.

"ஓம், மிஸிஸ். எல்லாரும் கட்டை."

தை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய் இந்த விஷயம் சரித்திரக் குழுவுக்குப் போனது. நான் கேத்திலுக்குப் பக்கத்தில் நின்றேன். குழுவில் மூத்தவர் மிஸ் கிரேன்; கலியாணம் செய்யாதவர், முன்பு பள்ளிக்கூட அதிபர். எனக்கு அவரைக் கண்டால் இப்போதும் ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வரும். அவர் சொன்னார்: "வழக்கம் என்பது அயலவர்கள் காவுவது. வெளியாட்களைக் கூட்டிவந்தால் அது ஊர்வலம், வழக்கம் இல்லை. ஆர்தரே இதைத்தான் சொல்லியிருப்பார்."

"இந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்தரின் வாசலில் பனி அள்ளியது யார்?" என்றார் மிஸிஸ் லோவெல். "இதைவிடக் கிட்டின அயலவனை எனக்குத் தெரியாது."

"சேமி சரி. மற்ற ஐந்து பேர்?"

"சேமியின் அயலவர்கள்."

மிஸ் கிரேன் வாயைத் திறந்தார். அதற்குள் மிஸ்டர் பெல், "ஐ வொண்டர், தேத்தண்ணி ஆறுகிறதோ?" என்றார். அந்த ஊரில் அதற்குப் பிறகு ஒருவரும் வாதாடுவதில்லை.

அன்றிரவே தேவண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"என்னடாப்பா, வெள்ளைக்காரனைக் காவவோ?" என்றார். "எங்கட அப்பரைக் காவக்கூட எனக்குக் குடுத்துவைக்கேல்லை. அவர் செத்தபோது நான் இஞ்ச கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான்." பிறகு, "எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டார்.

உணவகத்தில் வேலை செய்கிற நாலு பேரையும் அவரே சேர்த்துக்கொண்டார். எங்கள் அப்பார்ட்மென்டின் பின்முற்றத்தில் காவிப் பழகினோம். ஒரு பழைய கதவின்மேல் அரிசி மூட்டைகளைக் கட்டி, ஆறு பேரும் தோளில் ஏற்றி, முற்றத்தைச் சுற்றி நடந்தோம். இந்த மாகாணத்தில் எல்லோரும் யூலை முதலாம் திகதிதான் வீடு மாறுவார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற கெபெக்காரர் யன்னலைத் திறந்து, "இன்னும் யூலை வரவில்லையே, இப்போதே வீடு மாறுகிறீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார். "ஓம் மிசியூ, ஒருத்தர் மாறுறார்" என்றார் தேவண்ணை தமிழிலேயே. எங்களுக்குச் சிரிப்பில் மூட்டை சரிந்தது.

மே மாதம் நிலத்தை இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தேன். வடக்குப் பக்கம் கடைசியாகத்தான் இளகும். குழியை இரண்டு நாள் எடுத்து வெட்டினேன். மட்டப்பலகை வைத்து நானே பார்த்தேன், மிஸ்டர் பெல் வரும்வரை காத்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஐந்து பேரும் கறுப்புக் கோட்டோடு வந்து இறங்கினார்கள். வானம் தூறிக்கொண்டிருந்தது. "ட்ரைவர் எங்களைக் கண்ணாடியிலயே பார்த்துக்கொண்டு வந்தவன், ஏதோ கொள்ளைக் கூட்டம் எண்டு" என்றார் தேவண்ணை. அவர் போட்டிருந்தது கலியாணக் கோட்டு. பொத்தான் பூட்டவில்லை.

பெட்டியைக் காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முன்கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்தது. நாங்கள் தூக்கினோம். ஓக் மரம், மூட்டைகளைவிடப் பாரம். முதல் பத்து அடிக்குள் என் தோள் எரியத் தொடங்கியது. முன்னால் மிஸிஸ் லோவெல் நடந்தார், தொப்பி போட்டுக்கொண்டு, கையில் குடை விரிக்காமல்.

"பொம்பிளையும் வாறாவோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இஞ்ச அப்பிடித்தான். கதையாதே, நட" என்றேன்.

"மெதுவா எண்டாலும் இவ்வளவு மெதுவோ?" இது தேவண்ணை.

வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். விற்பனைப் பலகை வைத்த வீடுகளிலும் நின்றார்கள். பாதிவழிக் கல்லில் பெட்டியை இறக்கினோம். எங்களை வேண்டாமென்று சொன்ன மிஸ் கிரேன்தான் மூத்தவர். அவர் முன்னால் வந்து ஆர்தர் லோவெல் என்ற பெயரையும், வீட்டையும், அவருடைய தகப்பன், பாட்டன் பெயர்களையும் சொன்னார். குரல் கடைசியில் உடைந்தது. தோள் மாற்றித் தூக்கினோம். அதற்குப் பிறகு யாரும் எங்களில் கதைக்கவில்லை. வார் பிடித்து இறக்கும்போதும் ஒரு பக்கம் சாயவில்லை. குழியின் அடியில் பெட்டி மட்டமாக இருந்தது.

பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு வேலை இருந்தது. வெட்டிய மண்ணை அன்றே போட்டு மூட வேண்டும். களிமண் கீழே, மேல்மண் மேலே, புல்லை எடுத்த ஒழுங்கில் பதிக்க வேண்டும். முடித்துக் கை கழுவிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தேன். வயிறு பசித்தது.

வீட்டுக்கு முன்னால் பார்த்தால், ஐந்து பேரும் கேற்றுக்கு வெளியே தெருவில் தூறலில் நனைந்துகொண்டு வரிசையாக நிற்கிறார்கள். முன்கதவில் மிஸிஸ் லோவெல் பிஸ்கட் தட்டோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் வீடு நிறைந்த ஆட்கள். மேசையில் சாப்பாடு. ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. முக்கால் மணித்தியாலமாக இப்படியாம்.

"என்னண்ணை இது? உள்ள போங்கோவன்" என்றேன்.

"உனக்கு விசரோ?" என்றார் தேவண்ணை. நடுக்கத்தில் பல் அடித்தது. "பிரேதம் காவிப்போட்டுக் குளிக்காமல் என்னெண்டு வீட்டுக்குள்ள காலை வைக்கிறது? வாசல்ல ஒரு வாளி தண்ணிகூட வைக்கேல்லை. அந்த மனிசி எங்களைக் கூப்பிடுது, நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறம். தண்ணி எண்டு கேட்டம், ஒரு கிளாசில கொண்டுவந்து தந்தது."

தன் வீட்டில் ஒவ்வொரு நாளும் பேப்பர்மேல் நடக்கிற எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த ஊர் வழக்கத்தை ஒன்றுவிடாமல் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எங்கள் வழக்கத்தை அந்த ஊருக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் படவில்லை.

மிஸிஸ் லோவெல் என்னிடம் வந்தார். "அவர்களுக்கு என் சாப்பாடு வேண்டாமா, சேமி? நாங்கள் ஏதாவது பிழை செய்துவிட்டோமா? அவர்கள் தின்னாவிட்டால் ஆர்தர் இன்னும் தெருவில்தான் நிற்கிறார்." கல்லறைக் கதவடியில் ஒரு நாளும் அழாதவர், அப்போது கண் நிறைந்து நின்றார். யன்னலில் மிஸ் கிரேனின் முகம் தெரிந்தது.

வீடு நிறைந்த ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இங்கிலிஷ் முழுக்க ஓடிவிட்டது. கையால் தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். "ஃபர்ஸ்ட், பாத்" என்றேன். "செத்தவருக்கு மரியாதை. முதல் பாத், பிறகு பிஸ்கட்."

"பாத்?" என்றார் மிஸிஸ் லோவெல். "குளிப்பதா? ஆறு பேருமா?"

"ஓம். ஆறு பேரும்."

பிறகு கதவுக்குள்ளிருந்து மிஸ்டர் பெல்லின் குரல் வந்தது. "ஐ வொண்டர், சுடுதண்ணித் தாங்கி போதுமோ?"

அவ்வளவுதான். வீடு இயங்கத் தொடங்கியது. குளியலறை மாடியில். முன்கதவிலிருந்து படிக்கட்டு வரை பேப்பர் விரிக்க வேண்டும் என்று நான் சொன்னதும், கோட் சூட் போட்ட கிழவர்கள் முழங்காலில் நின்று இங்கிலிஷ் பத்திரிகைகளை விரித்தார்கள். எங்களை முன்கதவாலேயே உள்ளே விட்டார்கள். நாலாவது ஆள் குளிக்கும்போது சுடுதண்ணீர் தீர்ந்துபோனது. தேத்தண்ணிக்குக் கொதித்துக்கொண்டிருந்த கேத்தில்களை எடுத்துக்கொண்டு படியேறியவர் மிஸ் கிரேன். ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று. குளியலறைக் கதவைத் தட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தண்ணீர்!" என்று அதிபர் குரலில் கத்தினார். உள்ளே நின்ற பெடியன் பயத்தில் "பிரசன்ட்!" என்றான்.

நனைந்த உடுப்பைத் திரும்பப் போட முடியாது. மிஸிஸ் லோவெல் கணவனின் காற்சட்டைகளும் கம்பளிச் சுவெட்டர்களும் கொண்டுவந்தார். தேவண்ணை துவாயோடு நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தம்பி, செத்தவற்றை உடுப்பைப் போடுறதோ?"

நான் அதையும் இங்கிலிஷில் சொல்லவேண்டியதாயிற்று. மிஸிஸ் லோவெல் சுவெட்டரை நீட்டிப் பிடித்தபடியே, "இதெல்லாம் நான் பின்னியது. அவருக்கு ஒருநாளும் பிடிக்கவில்லை" என்றார்.

தேவண்ணை யோசித்தார். "அப்ப இது அவவின்ரை உடுப்பு. அவ உயிரோடதான நிக்கிறா" என்று சொல்லிக் கையை நுழைத்தார். சுவெட்டரின் கை அவருடைய விரல் நுனிக்குக் கீழே ஒரு சாண் தொங்கியது.

ஆறு பேரும் தலை ஈரத்தோடு, செத்தவருக்குப் பிடிக்காத சுவெட்டர்களோடு வரிசையில் நின்றோம். அவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிஸ்கட் வைத்தார். வீடே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ விதை போட்டிருந்தார்கள். கடித்ததும் வாசம் வந்தது.

"ஓமம் போட்ட விசுக்கோத்து" என்றார் தேவண்ணை வாய் நிறைய. "சொல்லு அவவுக்கு, நல்லாயிருக்கெண்டு. இன்னொண்டு கேட்டால் பிழையோ?"

மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. மிஸிஸ் லோவெல் தட்டோடு அவரிடம் வந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்து, "சரி. இப்போது சாப்பிடுங்கள்" என்றார். மிஸ் கிரேன் தேவண்ணைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது மகேஸ் பேப்பரோடு நின்றாள். "குளிச்சிட்டன்" என்றேன். தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க?" என்றாள். சொன்னேன். இரண்டாந்தரமும் குளிக்க வைத்துவிட்டுத்தான் சாப்பாடு போட்டாள்.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வருடம் கழித்து ஊரின் பழைய தபால்காரர் இறந்தார். ரொறன்ரோவிலிருந்து மகன்களும் மருமக்களும் வந்து காவினார்கள். எல்லாம் அந்த ஊர் இரத்தம். நான் மண்ணைப் போட்டு மூடிவிட்டுத் தபால்காரரின் வீட்டுக்குப் போனேன். முன்கதவிலிருந்து மாடிப்படி வரை பேப்பர் விரித்திருந்தது. படியில் ஆறு துவாய்கள் மடித்து வைத்திருந்தார்கள். மூத்த மகன் விளங்காமல் நின்றார். "இது என்ன?"

"காவியவர்கள் முதலில் குளிக்க வேண்டும், பிறகுதான் பிஸ்கட்" என்றார் மிஸ் கிரேன். "இது இந்த ஊர் வழக்கம்."

"எங்கள் தாத்தா காலத்தில் இருந்ததாக ஞாபகம் இல்லையே."

"ஐ வொண்டர்" என்று தொடங்கிய மிஸ்டர் பெல் என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டு, மேலே யன்னலைப் பார்த்தார்.

மகன்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேப்பர்மேல் நடந்து மேலே போனார்கள். குளித்தார்களோ, முகம்தான் கழுவினார்களோ, தெரியாது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மிஸிஸ் லோவெல் என் பக்கத்தில் வந்து நின்று மெல்லிய குரலில் சொன்னார்: "ஆர்தர் இருந்திருந்தால் இதை எங்கே எழுதுவது என்று ஒரு மாதம் சண்டை பிடித்திருப்பார்." பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "என்னைக் காவுவதும் நீங்கள் ஆறு பேர்தான். சொல்லி வைத்துவிடு."

சொல்லி வைத்தேன். தேவண்ணை கலியாணக் கோட்டைத் தையற்காரனிடம் கொடுத்துப் பெருப்பித்து வைத்திருக்கிறார்.

போன மார்கழியோடு நான் வேலையை விட்டேன். பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் நல்ல பெடியன், ஹெயிற்றி நாட்டுக்காரன், மொன்ட்ரியால்-நோர் பகுதியிலிருந்து வருகிறான். மிஸ்டர் பெல் சொல்வது கட்டளை என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மிஸிஸ் லோவெலுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. கிழமைக்கு ஒரு தடவை போன் எடுப்பார். ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில், "தோள் எப்படி இருக்கிறது, சேமி?" என்று கேட்பார்.

"நல்லாயிருக்கு, மிஸிஸ்" என்பேன். முதுகைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை, தோளைப் பற்றித்தானே கேட்கிறார்.

இன்று காலை மகேஸ் கோயிலுக்குப் போயிருந்த நேரம், குசினியில் இருந்த அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றி யன்னல் வரைக்கும் மெதுவாக நடந்து பார்த்தேன். இறக்கி வைத்துவிட்டுக் குளித்தேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

கோட்-டெ-நெய்ஜ், மொன்ட்ரியால்
1999 மே 16, ஞாயிற்றுக்கிழமை